கணினி முன் உட்கார்ந்தே வேலை. நின்றால் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. கழுத்து இதற்குக் காரணமாகுமா?

காலடிப்பேட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதுவரை இரண்டு இடங்களில் சுருக்கமாகச் சொன்னேன். சுருக்கமான பதில்தான் கிடைத்தது.

எனக்கு 47 வயது. சென்னை தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குப் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துறைக்கான இறக்குமதிப் படிவம், தயாரிப்பது என் பொறுப்பு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனத்தின் பில் ஆகியவற்றை மேசையில் இடப்பக்கம் பரப்பி வைத்துக்கொண்டு, வரிவரியாகப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் 8 இலக்கத்தில் சுங்க வரி எண் உண்டு. ஓர் இலக்கம் பிசகினால் சரக்கு நின்றுவிடும், டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும், திட்டு எனக்கு விழும். அதனால் நாள் முழுவதும் என் தலை ஒரே பாதையில் போய்வருகிறது: இடப்பக்கம் குனிந்து தாளைப் பார், நிமிர், திரையை நோக்கி முகத்தை நீட்டு, மறுபடி குனி. காலை 9.30 மணிக்கு உட்கார்ந்தால் மாலை 7 மணி. கப்பல்கள் அடுத்தடுத்து வரும் வாரங்களில் 9 மணியும் ஆகும்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டபோது, காலுக்குக் கீழே தரை இடப்பக்கமாக இறங்கியது போல இருந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டேன். இரண்டு மூன்று நொடிதான். விரதம் இருந்ததால் வந்த மயக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு மொட்டைமாடியில் துணி உலர்த்தக் கொடியை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் வந்தது. குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தோள் போய்ச் சுவரில் இடிக்கிறது. மண்ணடி மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டில் கைப்பிடியை விட்டு நிற்க முடியவில்லை. எங்கள் அலுவலகக் கட்டடம் மிகப் பழையது; படிகள் செங்குத்தானவை, பகலிலேயே இருட்டாக இருக்கும். போன மாதம் அதில் இறங்கும்போது இரண்டு படி சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். கையில் இருந்த கோப்பு எல்லாம் கீழே கொட்டியது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. உலகம் சுழல்வதில்லை. ராட்டினத்தில் சுற்றுவது போன்ற தலைசுற்றல் இல்லை. படகிலிருந்து இறங்கிக் கரையில் நின்ற பிறகும் உடம்பு சிறிது நேரம் ஆடிக்கொண்டிருக்குமே, அதுதான். காலையில் குறைவு, மாலையில் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறக்குறைய இல்லை. பின்மண்டைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில், இடப்பக்கம் எப்போதும் ஓர் இறுக்கம் இருக்கிறது. விரலால் அழுத்தினால் சுகமாகவும் இருக்கும், சில நேரம் அந்த ஆட்டத்தைக் கிளப்பியும் விடும்.

முதலில் பார்த்த மருத்துவர் வயதாகிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார். இரண்டாமவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப்பட்டையும் தலைசுற்றல் மாத்திரையும் கொடுத்தார். பட்டையைப் போட்டுக்கொண்டு 10 நாள் அலுவலகம் போனேன். தள்ளாட்டம் கூடியதுதான் மிச்சம். மாத்திரையால் தூக்கம் வந்தது, எண்களைத் தவறாக அடித்தேன். இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இல்லை. 20 ஆண்டுகளாகச் சைவ உணவு. ஆனி மாதத்தில் மூக்குக்கண்ணாடி மாற்றினேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி, நடுவில் கோடு தெரியாத வகை. இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியாது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

என் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. என் அம்மா 68 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் தனியாக வாசற்படி தாண்டவே இல்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயமே அவரை உட்காரவைத்துவிட்டது. இப்போது நான் சுவரைத் தொட்டபடி நடக்கும்போது அவர் நடந்த விதம் என் காலில் தெரிகிறது.

காதில் கோளாறு என்றால் தலை சுற்றும், அது புரிகிறது. கழுத்து தலையைத் தாங்கும் தண்டுதானே? அதை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதற்கும் நேராக நிற்பதற்கும் என்ன தொடர்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எம்.சி.ரோடு தையற்காரர்:

அக்கா, நான் பழைய வண்ணாரப்பேட்டை. 26 ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்தே இருக்கிறேன். எனக்கு வந்தது நீங்கள் சொல்வது போன்றது இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் முதலில் கழுத்துத் தேய்மானம் என்றுதான் சொன்னார்கள்.

எனக்குப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறை முழுவதும் சுழலும். அரை நிமிடத்தில் நின்றுவிடும். மறுபடி புரண்டால் மறுபடி சுழலும். 4 மாதம் கழுத்துக்கு எண்ணெய், ஒத்தடம், மாத்திரை என்று போயிற்று. தீபாவளிக்கு முந்தைய மாதம், கடையில் துணி மலைபோலக் கிடக்கிறது, குனிந்து நூல் கோக்க முடியவில்லை. கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அவர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து என் கண்களையே பார்த்தார். கண் துடித்ததைக் கண்டு காரணத்தைச் சொல்லிவிட்டார். உள்காதில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டாம். அவை இருக்க வேண்டிய இடத்திலிருந்து நழுவி அரைவட்டக் குழாய் ஒன்றுக்குள் போய்விட்டால் இப்படிச் சுழலுமாம். தலையை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, ஒவ்வொன்றிலும் சிறிது நேரம் நிறுத்தி, துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டார். இரண்டாவது தடவை செய்தபோது நின்றது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை.

அதனால் காதைப் பார்க்காமல் கழுத்து என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். முடி வெட்டிய பிறகு கடையில் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகிச் சொடக்கு எடுப்பார்களே, அதை விட்டுவிடுங்கள். கழுத்தெலும்புக்குள்ளே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இருக்கிறது, அதன் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும் என்று அந்த மருத்துவர்தான் சொன்னார். நான் மாதாமாதம் செய்துகொண்டிருந்தவன்.

---

ராயபுரம் இயன்முறை மருத்துவர்:

சகோதரி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். ‘ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் 17 ஆண்டுகளாகச் சிகிச்சை அளிக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள்: பாரிமுனைக் கணக்காளர்கள், நகைப் பட்டறைக்காரர்கள், நாள் முழுவதும் கைப்பேசியில் ஆர்டர் எடுக்கும் பிள்ளைகள்.

கழுத்து வெறும் தண்டு இல்லை. அது ஒரு புலன் உறுப்பும்கூட. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. கண், உள்காது, மூன்றாவதாகத் தசைகளும் மூட்டுகளும். உள்காது தலை அசைந்ததைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் தலை மட்டும் திரும்பியதா, உடம்பு முழுவதும் சேர்ந்து சாய்ந்ததா என்று காதால் பிரித்துச் சொல்ல முடியாது. மெட்ரோவில் நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் பேசுபவரைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்; தலை நகர்கிறது, உடம்பு நேராக இருக்கிறது. வண்டி சட்டென்று பிரேக் போடுகிறது. தலை நகர்கிறது, உடம்பும் சாய்கிறது. இரண்டிலும் காது சொல்வது தலை நகர்ந்தது என்பதைத்தான். முதலாவதில் கால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, இரண்டாவதில் உடனே ஊன்ற வேண்டும். எது எது என்று பிரித்துச் சொல்லும் வேலை கழுத்துடையது.

அந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் மண்டையோட்டுக்குக் கீழே பின்பக்கத்தில் ஆழத்தில் இருக்கும் நான்கு ஜோடிச் சிறு தசைகள். நீங்கள் விரல் வைத்து அழுத்துவதாகச் சொன்ன அதே இடம். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று உணரும் நுண்ணுறுப்புகள் உடம்பின் மற்றத் தசைகளைவிட அங்கே மிக அடர்த்தியாக இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் செய்தி, காதிலிருந்து வரும் செய்தி சேரும் மூளைத்தண்டுப் பகுதிக்கே போய்ச் சேர்கிறது. 1977-ல் வெளியான ஓர் ஆய்வில் கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லாத மனிதர்களுக்குத் தள்ளாட்டம் வந்தது, ஊசி போட்ட பக்கம் இழுத்துச் செல்வது போன்ற உணர்வும் வந்தது. கழுத்தின் பின்தசையில் அதிர்வுக்கருவியை வைத்தால், கண்ணை மூடி நிற்பவர் தன்னை அறியாமல் முன்னே சாய்வார். ஆடும் படகு என்று நீங்கள் எழுதியது கற்பனை இல்லை.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது 7 கழுத்தெலும்புகளின் மேல் நேராக உட்கார்ந்திருந்தால் தசைக்கு வேலை குறைவு. திரையை நோக்கி முகத்தை நீட்டும்போது கழுத்தின் கீழ்ப்பாதி முன்னால் வளைகிறது. கண் திரையைப் பார்க்க வேண்டும் என்பதால் மேல்பாதி பின்னால் மடங்குகிறது. அந்தச் சிறு தசைகள் மணிக்கணக்காகச் சுருங்கிய நிலையிலேயே பிடிபட்டுக் கிடக்கின்றன. முன்கழுத்தின் ஆழ்தசைகள் வேலையில்லாமல் பலம் குறைகின்றன. உங்களுக்கு இதன்மேல் இடப்பக்கத் திருப்பமும் உண்டு, 19 ஆண்டுகளாக. களைத்துச் சுருங்கிய தசை அனுப்பும் செய்தி பிசகாக இருக்கும். காது ஒன்று சொல்கிறது, கழுத்து வேறொன்று சொல்கிறது. கண் திறந்திருக்கும்வரை மூளை கண்ணை நம்பிச் சமாளிக்கிறது. சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவுடன் அந்தத் துணையும் போய்விடுகிறது. அதனால்தான் தோள் சுவரில் இடிக்கிறது.

மூக்குக்கண்ணாடிக்குச் சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்கள். நிச்சயம் உண்டு. அந்த வகைக் கண்ணாடியில் கிட்டப்பார்வைக்கான பகுதி கீழே இருக்கிறது. திரை தெளிவாகத் தெரிய நீங்கள் அறியாமலேயே தாடையைத் தூக்கி முகத்தை நீட்டுவீர்கள். படியில் இறங்கும்போது அதே கீழ்ப்பகுதி வழியாகத்தான் படியைப் பார்க்கிறீர்கள். அது புத்தகம் படிக்கும் தூரத்துக்கானது, படி மங்கும். பழைய இருட்டுப் படிக்கட்டில் அது போதும் ஒருவரைச் சறுக்கிவிட. கண்ணாடி மாற்றியது ஆனியில், தள்ளாட்டம் ஆடியில். அலுவலகத்துக்குக் கணினித் தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடி, நடப்பதற்குத் தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி என்று பிரித்துக்கொள்வதைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனாலும் நான் இங்கிருந்தபடி ‘கழுத்துதான்’ என்று எழுதிவிட மாட்டேன். கழுத்தால் வரும் தள்ளாட்டத்தை உறுதிப்படுத்த ஒரே ஒரு சோதனை என்று எதுவும் கிடையாது. மற்ற காரணங்கள் இல்லை என்று தெரிந்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். தையற்காரச் சகோதரர் சொன்னது போலக் காதைப் பாருங்கள். 20 ஆண்டுச் சைவ உணவு என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைக் கட்டாயம் பாருங்கள். அது குறைந்தால் பாதத்திலிருந்து வரும் செய்தி மங்கும், கண்ணை மூடினால் ஆடும். ரத்தசோகை, தைராய்டு, படுத்த நிலையிலும் எழுந்து நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். எக்ஸ்ரேயில் தேய்மானம் என்பதற்காகக் கலங்க வேண்டாம். 40 வயதைத் தாண்டிய பலருக்கு வலியோ தள்ளாட்டமோ இல்லாமலேயே அது தெரியும்.

ஆய்வுகளைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். 2012-ல் கொரியாவில் நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கணினி முன் வேலை செய்பவர்களைச் சோதித்தார்கள். அவர்களுடைய தலை முன்னே நீண்டிருந்தது, உடம்பின் ஈர்ப்பு மையம் முன்பக்கம் நகர்ந்திருந்தது, சமநிலையும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆனால் அது சில பத்துப் பேரிடம் செய்தது. தலை நீண்டிருந்தும் ஒரு தொல்லையும் இல்லாதவர்களை நான் தினமும் பார்க்கிறேன். குனிந்த கழுத்து எல்லோரையும் தள்ளாடவைக்காது. உங்களுக்குக் களைப்பு, ஒரே பக்கத் திருப்பம், கண்ணாடி, பயம் எல்லாம் ஒன்றாகக் கூடியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் வந்தால் செய்யும் ஓர் எளிய அளவீட்டைச் சொல்கிறேன். நெற்றிப்பட்டையில் சிறிய லேசர் விளக்கைக் கட்டி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்காரவைப்போம். ஒளிப்புள்ளி விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வோம். பல முறை செய்து சராசரி எடுப்போம். 7 செ.மீ.க்கு மேல், அதாவது சுமார் 4.5 பாகைக்கு மேல் பிசகினால் கழுத்தின் இட உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்வோம். இதே அளவீடு பிறகு பயிற்சியாகவும் ஆகிவிடும். பிசகைக் கண்ணால் பார்த்துத் திருத்தத் திருத்தக் கழுத்து கற்றுக்கொள்கிறது.

உடனே செய்யக்கூடியவை சில. தாள்களை மேசையில் பரப்பாமல், திரைக்குப் பக்கத்தில் நிற்கும் தாள் தாங்கியில் வையுங்கள். ஒரு வாரம் இடப்பக்கம், ஒரு வாரம் வலப்பக்கம். இப்போதைய கண்ணாடியையே போடுவதானால் திரையை உயர்த்தாதீர்கள், தாழ்த்துங்கள். கண் மட்டத்துக்குத் திரையை ஏற்றச் சொல்லும் பொது ஆலோசனை இந்தக் கண்ணாடிக்காரர்களுக்குப் பொருந்தாது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மெதுவாக ஆமோதிப்பது போலத் தாடையை லேசாக உள்ளிழுத்து 10 நொடி பிடித்து விடுங்கள், 10 முறை. அழுத்தம் வேண்டாம், தொண்டை இறுகினால் அதிகமாகச் செய்கிறீர்கள் என்று பொருள். பட்டை வேண்டாம். அசையாத கழுத்திலிருந்து செய்தி இன்னும் குறைவாகத்தான் வரும். தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளில் சிலவற்றை நீண்ட நாள் எடுத்தால் மூளை தன்னைத் தானே சரிசெய்துகொள்வது தாமதமாகும். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பேச்சுக் குளறல், இரட்டையாகத் தெரிதல், முகம் கோணுதல், ஒரு கை கால் மரத்துப்போதல், இதுவரை வராத கடுமையான தலைவலி ஆகியவற்றில் எது திடீரென்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அப்போது பயிற்சி, கண்ணாடி, எங்கள் பதில் எதுவும் வேண்டாம்.

---

காசிமேடு கணக்கர்:

மருத்துவர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

என் அண்ணன் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். 52 வயது. நடை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. கால் மரக்கட்டை போல இருக்கிறது என்றார். கழுத்துத் தேய்மானம், உட்கார்ந்தே இருக்கிறாய், அதனால்தான் என்று ஓர் இடத்தில் பட்டை போட்டு அனுப்பினார்கள். அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். 7 மாதம் போயிற்று. ஒரு நாள் பேரேட்டைப் பார்த்தேன். முத்துப்போல எழுதுகிறவர்; எண்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்தில் தண்டுவடம் நெரிபட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேலும் மோசமாகவில்லை. இழந்தது முழுவதும் திரும்பவும் இல்லை. கோலூன்றித்தான் நடக்கிறார்.

அம்மா, உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடுகிறது என்கிறீர்கள், என் அண்ணனுக்கு எந்த நாளும் சரியாகவில்லை. ஆனாலும் பொத்தான் போடுவது, ஊசியில் நூல் கோப்பது, கையெழுத்து, சிறுநீரை அடக்க முடிவது, இவற்றை நீங்களே கவனித்து வாருங்கள். மாறினால் அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கூச்சப்பட வேண்டாம்.

---

காலடிப்பேட்டைக்காரி (9 வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கணக்கர் ஐயா, உங்கள் பதிலைப் படித்த இரவு என் பழைய பில் நகல்களையெல்லாம் எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். மாறவில்லை. உங்கள் அண்ணனுக்காக வடிவுடையம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

காதில் குறை இல்லை. படுக்கவைத்துப் பார்த்ததிலும் கண் துடிக்கவில்லை. நரம்பியல் மருத்துவர் கை, கால், அனிச்சை எல்லாம் தட்டிப் பார்த்து, தண்டுவடம் நெரிபட்டதற்கான அறிகுறி இல்லை என்றார். பி12 178 என்று வந்தது, குறைவுதான். ஊசி போட்டு, பிறகு மாத்திரை. கண்ணாடி இப்போது இரண்டு. மேசைக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. கழற்றி மாட்டுவது தொல்லையாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகப் படியின் விளிம்பு மூன்று மாதத்துக்குப் பிறகு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தபோது அங்கேயே சிறிது நேரம் நின்றுவிட்டேன்.

வீட்டருகே ஓர் இயன்முறை மருத்துவரிடம் அந்தச் சுவர் அளவீட்டைச் செய்தோம். வலப்பக்கம் திருப்பித் திரும்பினால் 6 செ.மீ. பிசகு. இடப்பக்கம் 11 செ.மீ. கண்ணைத் திறந்து பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. சரியாக நடுவில் நிற்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். 19 ஆண்டுகளாக நான் எந்தப் பக்கம் திரும்பினேனோ அந்தப் பக்கத்தில்தான் என் நடு எது என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

தினமும் இரவு சமையல் முடிந்த பிறகு 15 நிமிடம் பயிற்சி. என் மகள் சுவரில் கோலப்புள்ளி போல வட்டங்கள் வரைந்து ஒட்டியிருக்கிறாள். தொப்பியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வட்டமாகப் பார்த்து, கண்ணை மூடி நடுவுக்குத் திரும்ப வேண்டும். பிறகு கட்டைவிரலை முகத்துக்கு நேராக நீட்டி, பார்வையை அதிலேயே நிறுத்தி, தலையை மட்டும் திருப்புவது. பிறகு சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. முதல் வாரம் தலைவலியும் குமட்டலும் இருந்தன, நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. அளவைப் பாதியாகக் குறைத்துத் தொடர்ந்தேன்.

அலுவலகத்தில் தாள் தாங்கி கேட்டேன், வாங்கித் தரவில்லை. நானே சவுகார்பேட்டையில் வாங்கிவந்தேன். இப்போது பக்கத்து மேசைப் பையனும் ஒன்று வைத்திருக்கிறான். 28 வயது, அவனுக்கும் பின்மண்டையில் அதே இடத்தில் வலி.

சென்ற வாரம் அளந்தபோது வலப்பக்கம் 4, இடப்பக்கம் 7. ஊசியா, கண்ணாடியா, பயிற்சியா, எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை இருட்டில் வாசலில் கோலம் போடுகிறேன். குனிந்தபடியே பின்னால் நகர வேண்டுமே, முதல் இரண்டு நாள் ஒரு கையால் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் போட்டேன். இப்போது பிடிப்பதில்லை. கண்ணை மூடிச் சோப்புப் போட்டாலும் சுவர் இடிப்பதில்லை. ஆனால் அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் அந்தச் சிறு ஆட்டம் இன்னும் இருக்கிறது, அதிலும் மாலையில். பயிற்சியில் அண்ணாந்து பார்ப்பது எதுவும் இல்லை. அதைச் சேர்க்கலாமா, அல்லது காத்திருக்க வேண்டுமா?

---

ராயபுரம் இயன்முறை மருத்துவர்:

மிகவும் மகிழ்ச்சி, சகோதரி. பி12 அளவை மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள்.

சேர்க்கலாம், ஆனால் நின்றுகொண்டு வேண்டாம். முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் மட்டும், தாடையை லேசாக உள்ளிழுத்த பிறகு மெதுவாக அண்ணாந்து பாருங்கள். தலையை ஒரேயடியாகப் பின்னால் போடாமல், முதலில் கண், பிறகு தலை, கடைசியில் நெஞ்சு என்று உயர்த்துங்கள். வளைவு கழுத்தின் உச்சியில் மட்டும் விழாமல் முதுகும் பங்கெடுக்கும். 5 முறை போதும். ஆட்டம் வந்தால் கண்ணை மூடாமல் எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள். இரண்டு வாரம் தொல்லை இல்லையென்றால் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று செய்யுங்கள், வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அண்ணாந்து பார்க்கும்போது கண் இருண்டாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, கால் துவண்டாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

துணிக்கொடியை ஒரு முழம் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள்.